கின் மியா என்று இரண்டு பேர்

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு ஐம்பது. ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலில்தான் செருப்பு. மற்றது ஓடை மேட்டிலேயே கழன்றுவிட்டது. எனக்கு முன்னால் ஒருத்தி கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அடிப்பாவி, பிள்ளையை விட்டுவிட்டுக் கோழியைத் தூக்கி வந்துவிட்டாளே என்று நினைத்தேன். கிட்டே போனபோதுதான் தெரிந்தது, பிள்ளையை முதுகில் துணியால் கட்டியிருந்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது.

"லெயின் லாபி! லெயின் லாபி!"

விமானம் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் கத்துகிறார்கள். அது வந்து, போட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போயும் விட்டது. இன்னும் கத்துகிறார்கள். முதல் குண்டின் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை. நெஞ்சில் தடால் என்று ஒரு தள்ளு. பிறகு காதுக்குள் ஒரே கொய்ங். அதற்குள்ளே தகரம் விழுகிற சத்தம். ஒவ்வொரு தகரமாக, அவசரமே இல்லாமல் விழுந்தது.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் ஆள் இருக்கிறது. மலைச்சரிவில் பத்தொன்பது வீடு. ஐம்பத்தேழு பேர். கரேன் மக்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருந்துக் கொட்டகை. கீழே மூன்று மணி நேரம் நடந்தால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து. ஊருக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் ஒரு சுண்ணாம்புக்கல் குகை. பள்ளிக்கூடத்திலிருந்து குகைக்குப் பத்து நிமிடம். நொண்டிக்கொண்டு போனாலும் பதினைந்து நிமிடம்.

நான் அந்த ஊர்க்காரி இல்லை. ரங்கூன்காரி. தாகேதாவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் அறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டபோது வேலையை விட்டு வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு வாரண்ட் வந்தது. ஒளிந்தேன். இடம் மாறி மாறிக் கடைசியில் மலை ஏறினேன். அந்த ஊரில் மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன்.

பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஆட்களுக்கு ரங்கூனில் இரண்டு பெயர். வீட்டில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. வீட்டில் நான் வள்ளி. கோயிலில் வள்ளி. அக்கா திட்டும்போதும் வள்ளி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அப்பா "வள்ளியம்மை" என்றார். எழுதுகிற அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இந்தப் பெயரெல்லாம் இங்கே வேண்டாம் என்று அவராகவே கின் மியா என்று எழுதிக்கொண்டார். அப்பா மண்டையை மண்டையை ஆட்டினார். பர்மாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கின் மியாமேல்தான் விழவேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அடையாள அட்டையில் கின் மியா. சம்பளப் பட்டியலில் கின் மியா. யாராவது ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு அதட்டலாக "கின் மியா" என்றால் என் வாய் "ஷிபாதே" என்று சொல்லிவிடும். இருக்கிறேன் என்று அர்த்தம். ஆறு வயதிலிருந்து பழகிய வாய்.

வாரண்டும் கின் மியா பெயரில்தான் இருந்தது. அதனால் மலையில் அந்தப் பெயரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. வள்ளி என்று மட்டும் சொன்னேன். ஊர்த் தலைவர் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அவரை இங்கே சோ வா என்று எழுதுகிறேன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் இருந்தாள். அவளும் ரங்கூனிலிருந்து ஓடி வந்தவள். அங்கே க்யிம்யிண்டைங் பேட்டைக்காரி. வயது இருபத்தொன்பது. அவள் பெயர் கின் மியா.

முதல் நாள் அவள் பெயரைச் சொன்னதும் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடி நானும்தான் என்று. விழுங்கிவிட்டேன். எட்டு மாதமும் விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒரே சோப்பை நூல் போட்டு அறுத்துப் பங்கு வைத்தோம். சாக்கட்டியை மூன்றாக உடைத்துத்தான் எழுதுவாள். அப்படி ஒரு கஞ்சம். என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "மா வள்ளி, இத தின்னுட்டு தண்ணி குடிக்க தாய்லாந்துவரைக்கும் ஓடணும் போலிருக்கே" என்பாள். மா என்பது பெண் பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை, வயதானவர் என்றால் டோ. பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வோம். நான் என் நினைப்பில் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன்.

சொல்லியிருந்தால்? ஊரே ஒரு வாரம் சிரித்திருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பெரியவள், சின்னவள் என்று பிரித்துவிடுவது அங்கே வழக்கம். சோ வா நோட்டில் பெரிய கின் மியா, சின்ன கின் மியா என்று எழுதியிருப்பார். அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கிறவளா? அவளையும் நம்பவில்லை நான். அது என் புத்தி.

குகை. ஏழு இருபது.

இருட்டு. ஈரம். பிள்ளைகள் அழுகிறார்கள். கிழவர் ஒருவர் இருமுகிறார். யாரோ யாரையோ கட்டிக்கொண்டு என் காலை மிதிக்கிறார்கள். கோழிக்கூடைக்காரி கோழியின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். என் காதில் இன்னும் கொய்ங்.

சோ வா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைப் பிரிக்கிறார். விமானம் திரும்பி வரும். போன வருடம் வேறொரு ஊரில் அப்படித்தான் செய்தது. அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். குகைக்கு வர வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், குறைகிற ஆளைத் தேட இரண்டு பேர் போக வேண்டும், மற்றவர்கள் உடனே ஆற்றுப்பக்கம் இறங்கிவிட வேண்டும். நல்ல முறைதான். அதில் ஒரு குற்றமும் கிடையாது.

அவர் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிட்டார். குரல் நடுங்கியது. அதை மறைக்க அதட்டினார். கிழக்கு ஓர வீட்டுக் கணவன் மனைவி பெயருக்குப் பதில் வரவில்லை. அவர்கள் வீட்டின்மேல்தான் முதல் குண்டு விழுந்தது என்று ஓடிவந்தவர்கள் பார்த்திருந்தார்கள். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். சோ வா அந்த இரண்டு பெயருக்கும் நேரே கோடு போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"கின் மியா."

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முழங்காலில் ரத்தம். அதைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். இருட்டு, வரிசை, அதட்டல், பெயர்.

"ஷிபாதே."

நான் சொன்னேன். என் வாய் சொன்னது என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம். நான்தான் சொன்னேன்.

பிறகு பத்துப் பன்னிரண்டு பெயர் போயிருக்கும். "வள்ளி" என்றார். "ஷிபாதே" என்றேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் பிள்ளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

மற்ற எல்லாப் பெயருக்கும் பதில் வந்துவிட்டது. தேடப் போக வேண்டிய ஆள் என்று யாரும் இல்லை. ஏழு முப்பதுக்கு இறங்கினோம்.

காட்டுப் பாதை. மூங்கில். வழுக்கல். எட்டு மணி சுமாருக்கு வெயில் இலைக்குள் இறங்கியது. நான் ஒரு கிழவரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கால் வலிக்கு மருந்து கேட்டார். மருந்துப் பை குகையிலேயே இருக்கிறதோ, டீச்சர் எடுத்திருப்பாளோ என்று திரும்பி, "மா கின் மியா!" என்று கூப்பிட்டேன்.

அந்தப் பெயர் என் வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான் உறைத்தது.

கிழவரின் கையை விட்டுவிட்டேன். கிழவர் என்னைப் பார்க்கிறார். வரிசை முழுக்க ஓடினேன். மேலே ஓடினேன், கீழே ஓடினேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிள்ளைகளிடம் கேட்டேன். உங்கள் டீச்சர் எங்கே? டீச்சர் காலையிலேயே பள்ளிக்கூடம் கூட்டப் போய்விட்டார் என்றது ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடம் ஏழு மணிக்கு. அவள் ஆறரைக்கே போய்விடுவாள். எனக்குத் தெரியாதா? தினமும் வாசலில் விளக்குமாற்றோடு போவதைப் பார்க்கிறவள்தானே நான்.

சோ வாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"டீச்சர் வரல. டீச்சர் இல்ல!"

"பேர் கூப்பிட்டேனே. இருக்கேன்னு சொன்னாளே."

"அது நான்."

"ஒன் பேர் வள்ளி."

"என் பேரும் கின் மியாதான். அட்டையில. நான்தான் ரெண்டுக்கும் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதம் என் கையால் மருந்து வாங்கிக் குடித்த மனிதர். "அப்ப நீ யாரு?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். ஒருவர் சோ வாவின் தம்பி. இன்னொருவர் மரம் அறுக்கிறவர். நானும் போகிறேன் என்று கத்தினேன். ஒற்றைச் செருப்போடு மலை ஏறி எங்களையும் தாமதப்படுத்தாதே என்று தம்பி சொல்லிவிட்டு ஏறினான். அப்போது எட்டு இருபது.

ஒன்பது இருபதுக்கு மறுபடியும் சத்தம். இந்த முறை காதால் கேட்டேன். தலைக்கு மேலே வானத்தைக் கிழிப்பதுபோல ஒரு கிழி. பிறகு மலைக்குப் பின்னால் இரண்டு. தும். தும். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சோ வா பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

மரம் அறுக்கிறவர் மட்டும் மதியம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். ஒரு காது போயிருந்தது. உரக்கப் பேசினார். கரை முழுக்கக் கேட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் உயிரோடு இருந்தாள். பள்ளிக்கூட உத்தரம் இரண்டு காலின் மேலும் விழுந்திருந்தது. கைக்கு எட்டிய இடத்தில் தன் மேல்துணியைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தாள். குச்சி வைத்து முறுக்கியிருந்தாள். கட்டிய நேரத்தைச் சாக்கட்டியால் கையில் எழுதியிருந்தாள். ஏழு ஐந்து.

அது நான் சொல்லிக்கொடுத்தது. மருந்துக் கொட்டகையில் ஊரையே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கட்டு, முறுக்கு, நேரத்தை எழுது. அவள் மட்டும்தான் கேலி பண்ணாமல் கற்றுக்கொண்டாள்.

ஏழு ஐந்துக்குக் கட்டியிருக்கிறாள். ஏழு இருபதுக்கு நான் அவள் பெயருக்குப் பதில் சொன்னேன். பத்து நிமிட தூரத்தில்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒன்பது மணிக்குக் கொஞ்சம் மேல். அவர்களைப் பார்த்ததும் அவள் அழவில்லையாம். கேட்டாளாம்.

"பேர் கூப்பிடலையா?"

தம்பி சொன்னானாம், "கூப்பிட்டோம் டீச்சர். ஒங்க பேருக்கு யாரோ இருக்கேன்னுட்டாங்க."

அவளுக்கு விளங்கவில்லை. "என்னத்தவிர அந்தப் பேர் ஊர்ல யாருக்கும் இல்லையே" என்றாளாம். உத்தரத்தைத் தூக்கினார்கள். அவளைத் தம்பி தோளில் போட்டுக்கொண்டான். நெம்புவதற்கு எடுத்த கட்டையை ஓரமாகப் போட மரம் அறுக்கிறவர் பின்னால் போனார். அந்த நேரத்தில் வந்தது. சுவர் அவரைக் காப்பாற்றியது. வாசலில் இருந்த இரண்டு பேரையும் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

இதுதான் மலையில் நடந்தது. மிச்சம் ரங்கூனில் நடந்தது. கேளுங்கள்.

இறந்தவர் பட்டியலை யாரோ எல்லாரும் பார்க்கும்படி போனில் போட்டார்கள். நான்கு பெயர். அதில் ஒரு வரி: கின் மியா, பெண், ரங்கூன். அவ்வளவுதான். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்தார்கள். நான் அந்த மலைப்பக்கம் போனது அவர்களில் இரண்டு பேருக்குத் தெரியும். அழுதிருக்கிறார்கள். என் படத்தைத் தேடி எடுத்து, அதற்குப் பக்கத்தில் மெழுகுவத்தி வைத்துப் போட்டுவிட்டார்கள். நீலச் சட்டை, காதில் அம்மாவின் தோடு. ஊரெல்லாம் அந்தப் படம் சுற்றியது.

எங்கள் வட்டார ஆபீஸ்காரர் தாகேதாவில் அக்கா வீட்டுக்கு வந்தாராம். தொப்பியைக் கழற்றினாராம். வீட்டு ஆள்பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டுப் போனாராம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அக்காவுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். ஆற்றங்கரை முகாமில் காய்ச்சலில் கிடந்த எனக்கு அக்கா பாக்கியம் போன் போட்டாள்.

"ஒன் பேர வெட்டிட்டாங்கடி. இனி ஒன்ன ஒருத்தனும் தேடமாட்டான். மகமாயி புண்ணியம். வாடி வீட்டுக்கு."

"அக்கா, அது நான் இல்லக்கா. இன்னொரு பொண்ணு."

"யாரா இருந்தா என்னா? நீ இருக்கியே, அது போதாதா எனக்கு?"

வந்தேன். எந்த வழியாக, யார் கூட்டிவந்தார்கள் என்று எழுதமாட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். செத்தவளாக இருப்பது சௌகரியமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு மேலாகக் கதவு தட்டினால் பின்வாசலைப் பார்ப்பேன். அது நின்றது. முகத்தில் பர்மியப் பெண்களைப்போலத் தனாகா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். டீ குடித்தேன். அக்கா கையால் ரசம் சாப்பிட்டேன். ஐந்து வாரம் இருந்தேன். ஐந்து வாரமும் க்யிம்யிண்டைங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே அவளுடைய அம்மா இருக்கிறார். படித்துறைக்குப் போகிற சந்தில் வெற்றிலை விற்கிறார் என்று அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

அவருக்குச் செய்தி போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது சொல்லியிருப்பார்கள். சோ வா சொல்லியிருப்பார். சோ வா தம்பியைப் புதைத்துவிட்டுப் பேச்சே இல்லாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றுக்குப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை.

வெற்றிலைக் கூடைக்குப் பின்னால் ஒல்லியாக ஓர் அம்மாள். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதே மூக்கு. டீச்சருக்கு இருந்த மூக்கு. தலைத்துணியை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். சொல்ல வேண்டியே வரவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு சாய்ந்து அவர் மடியை நனைத்தது.

"நீ செத்துப்போன பொண்ணு" என்றார்.

சாய்ந்த செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"மெழுகுவத்தி படத்துல பார்த்தேன். நீலச் சட்டை. பாவம், என் மக பேரே வெச்சிருக்காளே, யார் பெத்த பொண்ணோன்னு விகாரைக்குப் போய் ஒன் பேருக்குச் சோறு போட்டேன். எட்டுப் பிக்குவுக்கு. என் மக தப்பிச்சதுக்கும் சேர்த்துத்தான் போட்டேன். அவ போன் மலைல எடுக்காது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் எடுக்கும்னு..."

நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். நான் உயிரோடு நின்றுகொண்டிருந்தேன். அப்படியானால் செத்தது யார் என்று விளங்க அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்தார். அம்மாள் அவரைக் கையால் தள்ளினார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கூடைக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

"எத்தன மணிக்கு?"

சொன்னேன். எல்லா மணியையும் சொன்னேன். ஆறு ஐம்பது, ஏழு ஐந்து, ஏழு இருபது, ஒன்பது இருபது. ஷிபாதே என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பை நான் கேட்கவும் இல்லை. எந்த வாயால் கேட்பது? அவர் ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்துத் துடைத்து அது கிழிந்துபோயிற்று. அதைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தப் படத்த எடுக்கச் சொல்லு. எம் மகளுக்கு நான் சோறு போடணும். அவ பேரச் சொல்லிப் பிக்கு கூப்பிடும்போது ஒன் மூஞ்சி எனக்கு வரக்கூடாது."

பட்டியல் போட்டவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. திருத்துகிறோம், ஆனால் பார்த்த ஆள் வேண்டும், அவர் யார், எப்படித் தெரியும் என்று பெயரோடு எழுதித் தர வேண்டும், பெயரில்லாத பேச்சை வைத்துப் பெயரை மாற்ற மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாடி ஒனக்கு? செத்தவ திரும்பி வரப்போறாளா? நீ எழுதினா ஒன்ன புடிப்பான், என்னையும் புடிப்பான். சும்மா கெடயேன்டி!"

"சும்மா கெடந்துதானக்கா அவள கொன்னேன். எட்டு மாசம் சும்மா கெடந்தேன்."

"நீயா குண்டு போட்ட? ஏன்டி நீயா போட்ட?"

அக்கா கேட்டது சரி. குண்டு போட்டவன் விமானத்தில் இருந்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது, அவன் யாருக்கும் எழுதித் தரவும் மாட்டான். அதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள். ஆனால் ஏழு இருபதுக்கு நடந்தது என்னுடையது.

அன்று நாங்கள் இருவரும் அழுதோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். மறுநாள் அக்கா தாகேதா வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எனக்காகப் போனாள். பிறந்த வீடு அது. நான் இதை ரங்கூனிலேயே லான்மடா பேட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பூண்டு மூட்டை இறக்குகிறார்கள். நீங்கள் படிக்கும்போது நான் இங்கேயும் இருக்கமாட்டேன்.

எண்ணிக்கை.

வீடுகள், பதினொன்று. பள்ளிக்கூடம். மருந்துக் கொட்டகை, உள்ளே இருந்த மருந்தெல்லாம். நெல் வைத்திருந்த குதிர்கள், ஆறு. எருமை, இரண்டு. பன்றியும் கோழியும் யாரும் எண்ணவில்லை. மரம் அறுக்கிறவரின் வலது காது.

ஆட்கள், நான்கு.

கிழக்கு ஓர வீட்டுக் கணவன். அவர் மனைவி. அடுப்படியில். செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பது. பெயரை எழுத வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்.

சோ வாவின் தம்பி. பள்ளிக்கூட வாசலில். ஒன்பது இருபது. என்னால் திரும்பிப் போனவன்.

மா கின் மியா. ஆசிரியை. வயது இருபத்தொன்பது. க்யிம்யிண்டைங், டோ தானின் மகள். தாயின் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பள்ளிக்கூட வாசலில். ஒன்பது இருபது. அதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு காத்திருந்தாள்.

நீலச் சட்டை போட்ட படம் அவளுடையது இல்லை. அதை எடுத்துவிடுங்கள். அது தாகேதாவில் பிறந்த, ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கின் மியா. வீட்டில் வள்ளி என்பார்கள். நான் சாகவில்லை.